ஆறாம் அறைச் சிரிப்பு

முதல் நாளே அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. உடைமாற்றும் அறையின் இரும்பு அலுமாரியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, குறை நினைக்காதையும், குறை நினைக்காதையும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. கழுத்திலிருந்து கால்வரை எனக்கு வெள்ளை உடுப்பு. தலைக்கு ஒரு வலைத் தொப்பி, தாடிக்கும் மீசைக்கும் தனியாக இன்னொரு வலை. கண்ணாடியில் பார்த்தேன். கப்பலில் ஏற்றுவதற்குப் பொதி செய்த பூசணிக்காய் மாதிரி இருந்தது. நானும் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். எந்த ஊர், எப்போது வந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டுக்கொண்டோம்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், இப்போது இருக்கிற ஒன்ராறியோ மகள் வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்துச் சிரிப்பார். எனக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும்.

நாங்கள் வேலை செய்த கட்டடம் சென்ட் லோரன்ட் என்ற தொழிற்சாலைப் பகுதியில், தரை ஓடு விற்கும் களஞ்சியத்துக்கும் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது. சாம்பல் நிறம், பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே கஞ்சா வளர்த்தோம். அரசாங்க அனுமதியோடு, மூலைக்கு மூலை கமரா வைத்து, கன்றுக்குக் கன்று இலக்கம் ஒட்டி வளர்த்தோம். இந்தக் கெபெக் மாகாணத்தில் வீட்டில் ஒரு கன்றுகூட வைத்திருக்கக் கூடாது. எங்கள் கட்டடத்தில் ஆயிரக்கணக்கில் நின்றன. வீட்டில் நான் சொல்லியிருந்தது, "பூக்கன்று வளர்க்கிற கொம்பனி." அது பொய்யும் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் அதைப் பூ என்றுதான் சொல்வார்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், முருகன் கோயிலுக்குப் பக்கத்தில், மாமனாரோடு ஒரே வீட்டில் இருக்கிற நாற்பத்திநாலு வயது மனிதனுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தைரியம் வராது.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. கட்டடத்திலேயே உயரமான கன்றுகள் நின்ற ஆறாம் அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

மற்ற அறைகளில் நின்றவை எல்லாம் குட்டை. அகன்ற கரும்பச்சை இலை, கல்லுப் போல இறுகிய பூ. எட்டுக் கிழமையில், இரண்டு மாதத்துக்குள், வெட்டிக் காயப் போட்டுவிடலாம். ஆறாம் அறையில் இருந்தது சட்டீவா என்று சொல்கிற வகையின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்த கலப்பினம். மெலிந்த விரல்களை விரித்தது போல இலை, இளம்பச்சை, கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளி. அட்டையில் அதற்கு இரண்டு எழுத்தும் ஒரு இலக்கமும்தான் பெயர். அக்கா வைத்த பெயர் நெட்டையன்.

விளக்கு வெளிச்சத்தை நாளுக்குப் பதினெட்டு மணித்தியாலத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தால் கஞ்சாக் கன்று பூக்கத் தொடங்கும். மற்ற அறைகளில் அப்படித்தான் நடக்கும். நெட்டையனோ முதலில் வளரத் தொடங்கும். மூன்று கிழமையில் இரண்டு மடங்கு, சிலது அதற்கும் மேலே. வெள்ளிக்கிழமை மார்பளவில் விட்டுவிட்டுப் போன கன்று திங்கட்கிழமை கண்ணுக்கு நேரே நின்று பார்க்கும். பூ முதிர்வதற்குப் பதினொன்று, பன்னிரண்டு கிழமை எடுக்கும். அப்போதும் இறுகாது. நித்திரையால் எழும்பியவனின் தலைமயிர் மாதிரிக் கலைந்து, நீண்டு நிற்கும். பசளையை ஒரு சொட்டுக் கூட்டினால் இலை நுனி கருகிவிடும். இவ்வளவு கரைச்சலுக்கும் ஈடாக அதற்குப் புளிப்புப் பழ வாசம் ஒன்று இருந்தது. தோடம்பழத் தோலையும் தேசி இலையையும் சேர்த்துக் கசக்கினால் வருமே, அப்படி. கதவைத் திறந்தவுடன் முகம் தானாக மலரும்.

புகைத்தவர்கள் சொல்வது, அது நித்திரையாக்காது, தலையை இலேசாக்கும், ஓயாமல் பேச வைக்கும், ஒன்றுமில்லாததற்குச் சிரிக்க வைக்கும் என்று. அக்கா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவரில்லை. பூ அறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் சில்வான் என்ற கெபெக்காரர். என்னுடைய வயதுதான், செந்தாடி. "கன்றால் இவவுக்குச் சிரிப்பு வரவில்லை, இவவால்தான் கன்றுக்கு அந்தக் குணம் வந்திருக்கிறது" என்பார்.

சிறிய ஏணி ஒன்றை இழுத்துக்கொண்டு அக்கா வரிசை வரிசையாகப் போவார். கன்றுகளுக்கு மேலே இரண்டு அடுக்கு வலை கட்டியிருக்கும். வலைக்கு மேலே தலை நீட்டுகிற நுனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இழுத்து, பக்கத்துக் கண்ணிக்குள் படுக்க வைப்பார்.

"குனியடா. குனியடா எண்டுறன். லைற்றிலை முட்டினியெண்டால் தலை வெளிறிப்போகும், பேந்து என்னட்டை வந்து அழக்கூடாது."

வலைக்கும் அடங்காததைத் தண்டோடு மடக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தண்டை வைத்து மெல்ல மெல்ல உருட்டி அழுத்துவார். வெளித்தோல் கிழியக்கூடாது, உள்ளே மட்டும் இளக வேண்டும். இளகியதும் கன்று தானாகத் தலை சாய்க்கும். சில நாளில் அந்த இடம் முழங்கைபோல வீங்கி, முன்னதைவிடப் பலமாகிவிடும். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வராத நேரம் அது ஒன்றுதான்.

அவருக்குச் சிரிப்பு சந்தோசத்தால் வருகிறது என்றுதான் முதல் மூன்று மாதமும் நினைத்திருந்தேன். பிறகு சில விசயங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை. நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து நாங்கள் எல்லாரும் பனிக்குள் ஓடியபோது அவர் சிரித்துக்கொண்டே ஓடினார். மின்தூக்கி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபோது சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டியது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன்.

"பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வருது தம்பி. சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். மாமியின்ரை செத்தவீட்டிலை சிரிச்சு, பின் வளவுக்குள்ளை கொண்டுபோய் விட்டவை."

அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்சை வந்து அகதிக் கேஸ் விசாரிக்கேக்கை, ஊரிலை ஆமிச் சென்றியிலை மறிச்சு உங்களை என்ன செய்தவங்கள் எண்டு கேட்டினம். நான் சிரிச்சுப்போட்டன். மொழிபெயர்க்க வந்த மனிசன் முழிக்கிறார். லோயர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். நான் வாயைப் பொத்திறன், நிக்குதில்லை. இவ சொல்லுறதை நம்பேலாது எண்டு எழுதிப்போட்டினம். பேந்து வேறை வழியாலை விசா எடுக்க ஆறு வருசம். அந்த ஆறு வருசமும் பிள்ளை ஊரிலை, நான் இஞ்சை."

சொல்லி முடித்ததும் "சம்பல் போடட்டே?" என்று கேட்டு, என் தட்டில் சம்பலைப் போட்டார்.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. வேலை முடிந்து குளித்து, உடுப்பு மாற்றி, வாசனைத் தைலம் பூசினாலும் நெட்டையனின் மணம் தலைமயிரை விட்டுப் போகாது. மெட்ரோ வரைக்கும் நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். மாசி மாதம், யன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. ஒரு தரிப்பிடத்தில் கோயிலில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஏறினார். சபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவர். எங்களைக் கண்டு முன் இருக்கையில் இருந்தார். இருந்தவர் மூக்கைச் சுளித்தார். சுற்றிப் பார்த்தார். எதிரே பச்சை நிறம் அடித்த தலைமயிரோடு ஒரு மாணவன், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியளே பிள்ளை, இந்தப் பெடியனை" என்று பெரியவர் முழு பஸ்ஸுக்கும் கேட்கத் தமிழில் சொன்னார். "பட்டப்பகலிலை கஞ்சா பத்திப்போட்டு ஏறியிருக்கு. தாய் தேப்பன் என்ன செய்யினமோ!"

பக்கத்தில் அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பெரியவர் எழும்பினார்.

"விடக்கூடாது. நான் டிறைவரிட்டைச் சொல்லப்போறன்."

"ஐயா, இருங்கோ" என்றார் அக்கா. கண்ணால் தண்ணீர் வழிந்தது. "அந்தப் பெடியன் இல்லை. நான்தான்."

"என்ன, நீரோ?"

"மணக்கிறது நான் ஐயா. நாங்கள் ரெண்டு பேரும். அங்கைதான் எங்களுக்கு வேலை. கஞ்சா வளக்கிறம். அரசாங்க அனுமதியோடை."

பெரியவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார். சுற்றிலும் களஞ்சியங்கள் மட்டுமே இருக்கிற தரிப்பிடம், பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் பச்சைத்தலைப் பெடியன் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, ஒன்றும் விளங்காமலே தானும் சிரித்தான்.

"என்னை ஏன் அக்கா இழுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆரின்ரையோ பிள்ளையைப் பிழையா நினைக்கிறார் எல்லே? அவன்ரை வாயாலை அவன் சொல்லவும் ஏலாது, பாசை விளங்காது. எனக்குப் பயமாக் கிடந்தது தம்பி, சொல்லிப்போட்டன்."

நான் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னமே செய்தி போய்விட்டது. மாமனார் வரவேற்பறையில் தனியாக இருந்தார். தொலைக்காட்சியை நிறுத்தியிருந்தார்.

"தம்பி, உங்கடை கொம்பனியிலை என்ன பூ?"

உண்மையைச் சொன்னேன். கோடையில் வீட்டின் பின்பக்கம் கத்தரியும் தக்காளியும் போடுகிறவர் அவர்.

"என்ன பசளை போடுறியள்?" என்று கேட்டார். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

இன்னொரு விசாரணை பங்குனியில் வந்தது. தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக ஒரு பிரெஞ்சுப் பெண் அதிகாரி பொறுப்பெடுத்திருந்தார், மதாம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நரைத்த குட்டைமுடி, நேரான முதுகு, ஒவ்வொரு நாளும் கமராப் பதிவுகளைப் பார்ப்பார். ஒரு புதன்கிழமை காலையில் என்னை அழைத்து, அக்காவுக்கு மொழிபெயர்க்க வரச் சொன்னார். பிரெஞ்சு வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு எனக்கு இருந்தது. அக்காவுக்கு வணக்கத்துக்கு ஒரு பொன்ஜூரும் நன்றிக்கு ஒரு மெர்சியும்தான்.

கணினித் திரையில் ஆறாம் அறை. ஏணியின் அடியில் தரையில் அக்கா தனியாக இருந்து சிரிக்கிறார். முகத்தைத் துடைக்கிறார். திரும்பவும் சிரிக்கிறார். பத்து நிமிடம்.

"வேலை நேரத்தில் இவர் எதையாவது பாவித்தாரா?" என்று கேட்டார் மதாம்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அக்காவின் கை வாய்க்குப் போய்விட்டது. விரல்களுக்கு இடையால் சிரிப்பு வெடித்தது. நடந்ததை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஏணியின் மேல் படியில் கால் வழுக்கியிருக்கிறது. வலை கட்டிய கம்பியில் ஒரு கையால் தொங்கி, எப்படியோ இறங்கியிருக்கிறார். விழுந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கும். அந்தப் பகுதியைக் கமராவுக்குத் தெரியாமல் நெட்டையன்கள் மறைத்து நின்றன. பிறகு தரையில் இருந்து சிரித்தது மட்டும் பதிவாகியிருந்தது.

"பயத்தால் வந்த சிரிப்பு மதாம்" என்றேன். "பயம் வந்தால் இவருக்குச் சிரிப்பு வரும்."

"இங்கே ஏணி இல்லையே. இப்போது ஏன் சிரிக்கிறார்?"

"உங்களுக்குப் பயந்து."

மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் அவ்வளவு பயங்கரமாகவா இருக்கிறேன்?"

"என்னவாம் தம்பி?" என்றார் அக்கா.

"தான் பயங்கரமா இருக்கிறாவோ எண்டு கேக்கிறா."

அக்கா தலையை உயர்த்தி மதாமை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அவ்வளவுதான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதிரையோடு குலுங்கினார். எனக்கும் உதடு துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

விதிப்படி செய்ய வேண்டும் என்றார் மதாம். சிறுநீர்ப் பரிசோதனை. முடிவு வரும்வரை அக்கா வீட்டில் நிற்க வேண்டும். முடிவு பிழைத்தால் வேலை இல்லை. கதவடியில் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பாத்தீரே தம்பி? திரும்பவும் அதே மாதிரித்தான்."

அந்தக் கிழமைதான் ஆறாம் அறையில் வெளிச்சம் குறைத்து இரண்டாம் கிழமை. நெட்டையனுக்கு ஆள் இல்லாதது தெரிந்துவிட்டது போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சில்வானும் நானும் கதவைத் திறந்தபோது நுனிகள் மேல் வலையையும் தாண்டி விளக்குகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே வெளிறியிருந்தன. வாசமோ வழக்கம்போல் தோடம்பழம். நாங்கள் ஏணியில் ஏறி அக்கா செய்வது போல மடக்கினோம். முதல் தண்டு டக்கென்று முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. சில்வான் ஒட்டுப்பட்டியைச் சுற்றிக் கட்டு போட்டுவிட்டு, "அவவைக் கூப்பிடு" என்றார். உள்ளே தொலைபேசி பாவிக்கக் கூடாது. அவரே தன் தொலைபேசியை நீட்டினார்.

லாசாலில் அப்போது அக்கா இருந்த வீட்டின் குசினியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் போட்டு, ஏணிப் படியில் வைத்தேன்.

"கிட்டப் போய் நில்லும். எட்டத்திலை நிண்டு பிடிச்சால் முறியும். விரலுக்கிடையிலை வைச்சு உருட்டும். வெண்டிக்காய் முத்தலோ எண்டு பாக்க அமத்துறமே, அவ்வளவு அமத்தும். சத்தம் கேக்கக்கூடாது."

நான் பிரெஞ்சில் சொன்னேன். வெண்டிக்காய்க்குப் பிரெஞ்சு தெரியாததால் "பச்சை விரல்" என்றேன். சில்வான் தன் விரலைப் பார்த்தார். பிறகு தண்டைப் பிடித்து, மூச்சை அடக்கி, உருட்டினார்.

டக்.

"கேட்டது!" என்றார் அக்கா தொலைபேசியில்.

"அவ என்ன சொல்கிறா?"

"கேட்டதாம்."

"மன்னிக்கச் சொல்லு." அடுத்ததைப் பிடித்தார். டக்.

"ஐயோ, அந்த மனிசனை இறங்கச் சொல்லும்! அறைக்குள்ளை பட்டாசு விடுறார் போலை கிடக்கு!"

அதை நான் மொழிபெயர்த்தேன். சில்வானின் தாடி வலைக்குள் ஒரு சத்தம் வந்தது. தொலைபேசிக்குள் அக்காவின் சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஆரும் ஏணியில் நிற்க முடியாது. நான் கீழே இறங்கி ஒரு தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். சில்வான் இறங்கவும் முடியாமல், முறிந்த கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு, படியில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தார். இரண்டு பேருக்கும் கண்ணால் தண்ணீர். அப்போது கதவு திறந்தது. மதாம் நின்றார்.

நாங்கள் நிறுத்தப் பார்த்தோம். "இப்ப ஏன் சத்தமில்லை, விழுந்திட்டாரே?" என்று தொலைபேசி கேட்டது. எல்லாம் முடிந்தது.

விதி எல்லாருக்கும் ஒன்று என்றார் மதாம். எங்கள் இரண்டு பேரையும் பரிசோதனைக்கு அனுப்பினார். கையில் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் குவளையோடு வரிசையில் இருந்தபோதும் சில்வான் மெதுவாக "டக்" என்றார். தாதி எங்களை நன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முடிவுகள் வந்தன. மூன்றும் சுத்தம். மதாம் மூன்று தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம், அக்கா வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை அவருடைய மொழியிலேயே கேட்க வேண்டும், எப்படி என்று சொல்லித் தா என்றார். அதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நானும் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவர் ஒரு தாளில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிப் பார்த்தார். ளகரத்துக்கு நாக்கை மடிக்க வேண்டும் என்று காட்டினேன். மடிக்க முயன்று தோற்றுப்போனார்.

அக்கா குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தார். முடிவு அவருக்கு இன்னும் தெரியாது. கதவடியிலேயே கை வாயைப் பொத்தியிருந்தது. தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. மதாம் எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து அக்காவுக்கு நேரே நின்றார். வலது கையை நெஞ்சில் வைத்தார்.

"மன்னிச்சுக் கொல்லுங்கோ" என்றார்.

அக்காவின் சிரிப்பு பட்டென்று நின்றது. அப்படி நின்றதை நான் கண்டதில்லை.

"என்னவாம்?"

"எல்லாம் சுத்தமாம் அக்கா. வேலைக்கு வரட்டாம். மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறா." சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "கொல்லவும் சொல்லுறா."

மதாம் எதையாவது விட்டுவிட்டோமோ என்று தாளைப் பார்த்து, இன்னும் அழுத்தமாக, இன்னும் மரியாதையாக, "கொல்லுங்கோ" என்றார்.

அக்காவின் கை வாயிலிருந்து இறங்கியது. இரண்டு கையாலும் மதாமின் தோள்களைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுவதும் தெரியச் சிரித்தார். நெருப்பு மணிக்கும் மின்தூக்கிக்கும் வந்த மாதிரி இல்லை. அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை. மதாமுக்கு முதலில் கன்னம் சிவந்தது. பிறகு வாயோரம் கோணியது. பிறகு அந்த நேரான முதுகும் குனிந்துவிட்டது.

"ஓம் ஓம், பேந்து கொல்லுறன் எண்டு சொல்லும்" என்றார் அக்கா, குளிர்ச்சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தபடி. "இப்ப நேரமில்லை. உங்கை நெட்டையன் என்ன கோலத்திலை நிக்கிறானோ. நான் போறன்."

நடைபாதையில் அவருடைய காலடி ஓடுவது கேட்டது. மதாம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார்.

"மன்னித்தாயிற்றாம்" என்றேன். "மிச்சம் பிறகாம்."

"மெர்சி" என்றார் மதாம், மிகுந்த நன்றியோடு.